மணலில் பதினாறு அடி

கதவைச் சாத்திவிட்டாள். ஃபிரிட்ஜ் கதவு ஒட்டிக்கொள்வதுபோல மெத்தென்று ஒட்டிக்கொண்டது. இனி நானும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் காதில் ஒரு ஹெட்ஃபோனும் கையில் ஒயர் தொங்கும் ஒரு பொத்தானும்தான். சுவர் முழுக்கத் துளை போட்ட பலகை, உள்ளே பஞ்சு அடைத்திருப்பார்கள் போல. எதிரே சின்னக் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண். வெள்ளைக் கோட்டில் சண்முகப்பிரியா என்று எழுதியிருக்கிறது. இருபத்தாறு வயது இருக்கும், அதற்குள் என்னைப் பார்த்து "பயப்படாதீங்கம்மா" என்கிறாள். எனக்கென்ன பயம்? காதைச் சோதிக்க வந்தவளுக்கு ஊசியா போடப்போகிறார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும், எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. அரை மணி நேரத்தில் ஒரு காகிதம் தருவார்கள். அமலோற்பவம், வயது ஐம்பத்தேழு, இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கொண்டுபோய் வெளியே உட்கார்ந்திருக்கிற ஜெசிந்தாவின் மடியில் போட்டு, படி என்று சொல்லவேண்டும். சத்தமாகப் படி என்று சொல்லவேண்டும். அதற்காகத்தான் வந்தேன். இல்லாவிட்டால் வருகிற மாதம் பள்ளிக்கூடத்து வைரவிழாவில் பழைய மாணவிகளின் பேண்டு நடந்து போகும்போது பெரிய டிரம் என் நெஞ்சில் இருக்காது. "மூணு ஞாயித்துக்கிழமையா நீ பிந்துதட்டி, ஒருக்கா காதக் காமிச்சிட்டு வா, இல்லன்னா டிரம்ம வேற ஆளுகிட்ட குடுத்திருவாவ" என்றாள் ஜெசிந்தா. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒத்திகையில் ஜால்ராவைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு பேருக்கு முன்னால் சொன்னாள். யார் சொல்வது? எண்பத்துமூன்றில் முந்திக்கொண்டு அடித்துக் கோப்பையைக் கோட்டை விட்டவள் சொல்கிறாள். பிறகு அவளே ஆட்டோவும் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள், துணைக்காம்.

முதல் சத்தம். துறைமுகத்தில் கப்பல் ஊதுவதை வீட்டுக்குள்ளிருந்து கேட்பதுபோல. அமுக்கினேன். அடுத்தது இன்னும் கொஞ்சம் மெல்லிசு, அமுக்கினேன். பரவாயில்லையே. மூன்றாவது வந்தபோதே அதன் நடை எனக்குப் பிடிபட்டுவிட்டது. சத்தம், அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி சத்தம். வலது கால் பெருவிரல் செருப்புக்குள் தானாகத் தட்டுகிறது, அதை நிறுத்த என்னால் முடியாது, பூசையில் பாட்டு நடக்கும்போதும் தட்டும், பேருந்து எஞ்சின் ஓடும்போதும் தட்டும், என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அவர் குறட்டைக்கும் தட்டியிருக்கிறது. சவரிராயன் சார் போட்ட விதை. ராணுவ பேண்டிலிருந்து வந்தவர், மீசையை மட்டும் ராணுவத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். எங்களுக்கு டிரம் வந்து சேருவதற்கு முன்னால் மூன்று மாதம் வெறும் மர ஸ்கேலை வைத்துப் பெஞ்சில் அடிக்கச் சொன்னார். பக்கத்து வகுப்பு டீச்சர் சண்டைக்கு வந்தார்கள். டிரம் வந்தபோது பெரிய டிரம்மை யாருக்கு மாட்டுவது என்று வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார், நான்தான் உயரம், எனக்குத்தான் தொண்டையும் பெரிசு, தொண்டைக்கும் டிரம்முக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை, ஆனால் மாட்டிவிட்டார். வார் அழுத்தி இரண்டு தோளிலும் சிவப்புக் கோடு விழும். அம்மா அதில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே "பொம்பளப் பிள்ள நெஞ்சுல அண்டாவக் கெட்டிக்கிட்டு ரோட்டுல போவுது" என்று திட்டுவாள். திட்டுவாளே தவிர சுதந்திர தினத்தன்று வாசலில் முதல் ஆளாக நிற்பாள். சத்தம். அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அமுக்கினேன். இப்போது சத்தம் ரொம்பவும் மெல்லிசாகிவிட்டது, இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை, ஆனால் எப்போது வரும் என்று எனக்குத் தெரியுமே. அமுக்கினேன். சாருக்கு ஒரு சட்டம் உண்டு. "பெரிய டிரம் எங்க விழுதோ அதுதான் ஒண்ணு." மற்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் தங்களைச் சரிபண்ணிக்கொள்ள வேண்டும். சைடு டிரம் நாலு, பியூகிள் ஆறு, புல்லாங்குழல் எட்டு, முன்னால் கோல் சுழற்றிக்கொண்டு போகும் பெல்சியா, எல்லோரும் என் அடிக்குக் கட்டுப்பட்டவர்கள். பதினைந்து வயதில் அது எப்பேர்ப்பட்ட பதவி. மந்திரி பதவி தந்தால்கூட வேண்டாம் என்றிருப்பேன்.

எண்பத்துமூன்று ஜனவரி, குடியரசு தினத்தன்று மாவட்டப் போட்டி. ஆறு பள்ளிக்கூடம். கடல் காற்றுக்குத் தோல் தொய்ந்துபோய் டிரம் எல்லாம் தொண்டை கட்டினது மாதிரி பேசியது, மைதானத்துக்குப் பின்னால் பனையோலையைக் கொளுத்தி அதன் மேல் காட்டிக் காட்டி விறைப்பேற்றினோம். பியூகிள் பிள்ளைகள் உதட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். வெள்ளைக் கான்வாஸ் ஷூவுக்குச் சுண்ணாம்பு போதவில்லை, வகுப்பு சாக்பீஸைத் தேய்த்தோம். எங்களிடம் மற்ற ஐந்து பள்ளிக்கூடமும் செய்யாத ஒன்று இருந்தது. சார் அதற்கு சைலன்ட் சிக்ஸ்டீன் என்று பெயர் வைத்திருந்தார். மேடைக்கு நேராக வரும்போது மொத்த பேண்டும் சட்டென்று நிற்கும், வாத்தியம்தான் நிற்கும், கால் நிற்காது. பதினாறு அடி சத்தமே இல்லாமல் நடக்க வேண்டும். பதினேழாவது அடியில் என் டிரம்மும் ஜெசிந்தாவின் ஜால்ராவும் ஒரே வெட்டாக விழ வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் எழும்ப வேண்டும். பள்ளிக்கூடத்து சிமென்ட் தரையில் நாங்கள் அதை முந்நூறு தடவை செய்திருப்போம், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பார்க்கிறவர்களுக்கு மூச்சு நின்றுபோகும். தலைமையாசிரியை மதர் ஒரு தடவை அழுதே விட்டார்கள். அந்தப் பதினாறுக்குள் நான் இருந்த மாதிரி அதற்கப்புறம் எங்கேயும் இருந்ததில்லை, கல்யாணத்தில்கூட இல்லை. அப்படிப்பட்ட பதினாறின் முடிவில், அன்றைக்கு, மேடைக்கு முன்னால், கலெக்டர் உட்கார்ந்திருக்க, ஜிங் என்று முதலில் ஜால்ரா வந்தது. அதற்குப் பிறகுதான் என் டிரம். அரை அடிதான் வித்தியாசம். சைடு டிரம் என்னோடு வந்தது, பியூகிள் அவளோடு போனது, நாலு அடிக்கு ஒரே பேண்டு இரண்டு பேண்டாக நடந்தது. சட்டம் என்ன? பெரிய டிரம் விழுந்த இடம்தான் ஒண்ணு. அப்படியானால் முந்தினது யார்? சார் கேட்டார். நான் சொன்னேன், "ஜெசிந்தா முந்திட்டா சார்." கணக்கு சரிதானே. அமுக்கினேன். கணக்கு சரிதான். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கதவு திறக்கிறது. அதற்குள் முடிந்துவிட்டதா? இல்லை, அந்தப் பெண் உள்ளே வந்து என் முன்னால் குனிந்து நிற்கிறாள், சிரிப்பை அடக்குகிற முகம். "அம்மா, நீங்க ஏதாவது பாட்டு, மிருதங்கம், அப்படி ஏதும் வாசிப்பீங்களா?" பேண்டு என்றேன், பெரிய டிரம் என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன். "அதான் பாத்தேன். நீங்க கேட்டு அமுக்கலம்மா, எண்ணி அமுக்குறீங்க. கடைசியில பத்துத் தடவ நான் எதுவுமே குடுக்கல, நீங்க பத்தும் கரெக்டா அமுக்கினீங்க." எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்ட மாதிரி. நான் வேண்டுமென்றா செய்தேன், ஒன்று வந்தால் அடுத்தது வந்துதானே ஆகவேண்டும், இல்லாத இடத்திலும் எண்ணிக்கொண்டு போகத்தானே படித்தேன். அவள் ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டே சாதாரணமாக இன்னொன்றும் சொன்னாள். "அதுக்கு முன்னாடியே வலது காத முடிச்சிட்டு எடது காதுக்கு மாத்திட்டேன். அதுவும் உங்களுக்குத் தெரியலபோல. இப்ப எடது காத மறுபடி பாப்போம். தாறுமாறா விட்டு விட்டுத்தான் குடுப்பேன். எண்ணாதீங்க. வலது காதுல மழ மாதிரி ஒரு சத்தம் ஓடும், அத விட்ருங்க." கதவு மறுபடி ஒட்டிக்கொண்டது.

மழை பெய்கிறது. வலது காதில் ஓட்டுக்கூரை மேல் பெய்கிற மாதிரி சோவென்று பெய்கிறது. இடது காதில் ஒன்றும் இல்லை. வரும். எண்ணாதே. எண்ணாமல் எப்படி இருப்பது, ஒன்று என்று சொல்லாமல் இருந்தால் இரண்டு வராது, மூன்று வராது, பிறகு நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை எதையோ திருகுகிறது. அப்படியானால் ஏதோ சத்தம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குள் வரவில்லை. மறுபடி திருகுகிறாள். இல்லை. இந்தக் காது கொஞ்சம் சோம்பேறி, அது எனக்குத் தெரியும், யாருக்குத்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது, ஒரு கால் செருப்பு சீக்கிரம் தேயும், ஒரு கண்ணில் பவர் கூடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் டிரங்க் கால் போட்டவள் நான், காது கேட்காதவளுக்கு அந்த வேலையா? ஒற்றைக் காதில் மாட்டுகிற ஹெட்செட். மற்றப் பெண்கள் எல்லாம் காது வலிக்கிறது என்று மத்தியானத்துக்கு மேல் அடுத்த காதுக்கு மாற்றிக்கொள்வார்கள். நான் மாற்றினதே இல்லை. ஏன் மாற்றவில்லை? பழக்கம் என்று சொன்னேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிட்டால் புயல் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டேன், அமலிக்குக் கும்பகர்ணன் தூக்கம் என்று வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். திருகுகிறாள். மழை பெய்கிறது. மணல் மாதிரி இருக்கிறது இந்த இடது பக்கம், கால் வைத்தால் சத்தம் வராத மணல். அந்த மைதானம் மணல். அதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை, சாரும் யோசிக்கவில்லை. சிமென்டில் இருபது ஷூ ஒரே நேரத்தில் சளப் சளப்பென்று விழும், சைலன்ட் என்று பெயர்தான், அந்தச் சத்தத்திலேயே நான் நடந்துவிடுவேன். அங்கே கால் புதைந்தது, ஒரு சத்தமும் இல்லை. ஏழு, எட்டு. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். மேடைக்கு நேரே தலையை வலது பக்கம் திருப்பு என்று கோல் இறங்கியது, திருப்பினேன். பன்னிரண்டு. இது பன்னிரண்டா, பதின்மூன்றா? பரவாயில்லை, ஜெசிந்தா சொல்லுவாள். கடைசி நாலை ஜால்ராக்காரி முணுமுணுக்க வேண்டும், அது எங்களுக்குள் ஏற்பாடு, என் டிரம்முக்கு மேல் எனக்கு என் கால்கூடத் தெரியாது என்பதால் சாரே சொல்லிக்கொடுத்தது. எப்போதும் அவள் உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரியும். அவள் என் இடது பக்கம். என் தலை வலது பக்கம். சொல்லு ஜெசி, சொல்லு. சொல்லவில்லை. சொல்லவே இல்லை. சொல்லாமலே ஜிங் என்று அடித்தாள், அதைக் கேட்டுத்தான், ஆமாம், அதைக் கேட்டுத்தான் என் கை போயிற்று.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொன்னதில்லை. கை எண்ணிப் போகவில்லை, கேட்டுப் போயிற்று. முந்தினவள் அவள் இல்லை, பிந்தினவள் நான் என்று மைதானத்தை விட்டு வெளியே வருவதற்குள் எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் என் பக்கம் இருந்தது, சட்டம் பக்கத்தில் இருக்கும்போது வாயைத் திறப்பானேன். அதோடு ஒரு சமாதானமும் இருந்தது. அவளும் சொல்லவில்லையே, பயந்துபோய் முணுமுணுக்க மறந்துவிட்டாளே, அப்போது தப்பு அவளுடையதும்தானே. நாற்பத்திரண்டு வருஷம் அந்தச் சமாதானத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது மழை பெய்கிறது, அவள் திருகிக்கொண்டே இருக்கிறாள், கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஜெசிந்தா சொன்னாளா? சொல்லியிருந்தால்? அமுக்கிவிடலாம். எண்ணி அமுக்கினால்தானே தப்பு, குத்துமதிப்பாக அமுக்கலாம், நாலைந்து சரியாக விழும், காகிதத்தில் ஏதாவது கொஞ்சம் ஏறும். கட்டைவிரல் பொத்தான் மேல் இருக்கிறது. பயமாக இருக்கிறது. ஊசி இல்லாமலே பயமாக இருக்கிறது. பெருவிரலைச் செருப்புக்குள் மடக்கி இறுக்கிக்கொண்டேன். அமலி, ஒரு தடவையாவது கேட்காததைக் கேட்கவில்லை என்று சொல். பொத்தானை மடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். மழை நிற்கும்வரை அப்படியே இருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வலது காதையும் ஒரு தடவை மறுபடி பார்த்துவிட்டு, வெளியே மேசைக்கு முன்னால் உட்காரவைத்துக் காகிதத்தைக் காட்டினாள். சிவப்புக் கோடு மேலே மேலேயே போகிறது. "வலது காது சூப்பரா இருக்கும்மா, உங்க வயசுக்கு நான் இப்படிப் பாத்ததே இல்ல." இடது காதுக்கான நீலக் கோட்டைக் காணோம். கீழே கடைசியில் அம்புக்குறி போட்ட சில புள்ளிகள் மட்டும் இருந்தன. "சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?" வந்தது. எட்டு வயதில், கழுத்தில் வேப்பிலை அரைத்துப் போட்டு, சங்கிலியைக் கட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பதினைந்து நாள் போகவில்லை. "அப்பவே போயிருக்கும். ஒரு பக்கம் மட்டும் போனா நெறையப் பேருக்குத் தெரியாது, அடுத்த காது எல்லா வேலையும் பாத்துக்கும். இத்தன வருசமா உங்களுக்குத் தெரியாமலே சமாளிச்சிருக்கீங்க." டிரம் அடிக்கலாமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "தாராளமா அடிங்க. யார் பேச்சக் கேக்கணுமோ அவங்கள வலது பக்கம் வச்சுக்கங்க." எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். அதற்கு ஒரு மருந்துச் சீட்டுகூட இல்லை.

ஜெசிந்தா வராந்தாவில் நாற்காலியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரை, சாயம் போடமாட்டாள், பிடிவாதக்காரி. காகிதத்தை மடியில் போடவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்னட்டி சொன்னாவ?"

"ஜெசி, அன்னைக்கு நீ எண்ணுனியா?"

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "எண்ணுனேன்லா. பதிமூணு, பதினாலு, பதினஞ்சு, பதினாறு. உன் காதுலதான் எண்ணுனேன். சார் ஏசுவாரோன்னு பயந்துக்கிட்டே சத்தமாவே எண்ணுனேன்."

"இந்தக் காது எட்டு வயசுலயே போச்சாம். எனக்குக் கேக்கல. ஆனா நான் பிந்தினது எனக்குத் தெரியும். காது போனது தெரியாது, பிந்தினது தெரியும். தெரிஞ்சுதான் உன் பேரச் சொன்னேன்."

சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் குடையின் பித்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். "கப்பு போனா போவுது," என்றாள். "மறுநா நான் ஜால்ராவ சார் மேசைல வச்சிட்டு பேண்ட விட்டு வெளிய போனேன்லா, நீ ஜன்னல் பக்கத்துல நின்ன. எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நின்ன. என்கூட கேட்டு வரைக்குமாது வந்திருக்கலாம் அமலி."

இதற்கு நான் ஒரு சமாதானமும் சேர்த்து வைத்திருக்கவில்லை. கோப்பையை நினைத்தே இத்தனை வருஷம் போயிருக்கிறது, அந்த ஜன்னலை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆமாம், நின்றேன். வெயிலில் அவள் தனியாக நடந்து போனாள், ரெட்டைச் சடை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போனாள். "மன்னிச்சிருட்டி," என்றேன். அழுகை வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் யார் அழுதாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு குரல் மாறியது. "ஞாயித்துக்கிழம நான் உனக்கு வலது பக்கம் வாறேன். பெல்சியாகிட்ட நான் பேசிக்கிடுதேன், வரிசைய மாத்தணும்னு குதிப்பா, குதிக்கட்டும். தலையத் திருப்புனாலும் என் மூஞ்சிதான் தெரியும் உனக்கு. எங்க போவ?"

"டிரம்?"

"டிரம் உனக்குத்தான். வேற எவளுக்கு அத தூக்க இடுப்புல தெம்பிருக்கு?"

எழுந்தாள். நானும் எழுந்தேன். அவளுக்கு இடது பக்கமாகப் போய் நின்றுகொண்டேன், அப்போதுதான் என் நல்ல காது அவள் பக்கம் இருக்கும். ஆட்டோக்காரர் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நிறுத்தியிருந்தார். அதுவரைக்கும் வெயிலில் நடக்க வேண்டும், எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. மருமகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, அவள் பேசிக்கொண்டே வந்தாள், ஒரு சொல் விடாமல் கேட்டது.